பதினேழு ஒன்றுகள்

பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண்ணை நான் பத்து மாதம் நிலத்துக்குக் கீழே இருந்து வகுத்தேன். சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பசி, செல் குண்டு, பாம்பு என்று சொன்னால் உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு வகுத்தல் கணக்கு என்றதும் சிரிப்பு வந்துவிடுகிறது. எனக்கு அந்தக் காலத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அந்த எண்தான் பெரியது.

எங்கள் வீடு வன்னியில் துணுக்காயில், குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய ஆட்களின் வீடுகளில் ஒன்று. நான் பிறக்கும் முன்னரே அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு ஏக்கர் வயல் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சண்டை நின்று யாழ்ப்பாணம்–கண்டிப் பாதை திறந்த வருடம் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். பாதை திறந்திருந்த அந்த வருடங்களில்தான் அக்கா கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டு யாழ்ப்பாணம் போனாள். கணிதம் படித்தாள். லீவுக்கு ஒரு பையோடு வீட்டுக்கு வந்த சமயம் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். இரண்டு கிழமையில், பதினாலு நாளில், திரும்பிப் போகிறவள் போகவே இல்லை. பையிலிருந்த நான்கு கணக்குக் கொப்பிகளும் அவளோடு தங்கிவிட்டன. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் படிப்பிக்கப் போனாள்.

பிறகு வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கத்தின் கட்டளை வந்தது. கலியாணம் முடிக்காத ஒருவரை ஒவ்வொரு வீடும் சண்டைக்குக் கொடுக்க வேண்டும். படிப்பிக்கிறாள் என்பதால் அக்காவை விட்டுவைத்திருந்தார்கள். அது வாய்ச் சொல்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பதினெட்டு வயது, உயர்தரச் சோதனை எழுத இருந்தேன். பாதை பூட்ட முதலே மாமா வீட்டுக்கு வவுனியாவுக்குப் போய்விட்டான், இப்போது வர வழியில்லை என்று அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நான் அறைக்குள் கிடந்தேன்.

நான் ஒளிந்திருக்க மூன்று பேருமாகத்தான் கிடங்கு வெட்டினோம். நெல் மூட்டை அடுக்கிற அறையில், சுவரோடு சேர்த்து. எட்டு நாள் எடுத்தது. மண்ணைக் கடகத்தில் அள்ளிப் பின்வளவில் பரப்பி அதன் மேல் மரவள்ளித் தடி நட்டோம். மேலே பலகை, பலகையின் மேல் இரண்டு நெல் மூட்டை. சுவரின் அடியில் ஒரு கல்லைக் கழற்றிவிட்டு, வெளியே அந்த இடத்தில் கோழிக்கூட்டை வைத்தோம். எனக்கு வெளிச்சமும் காற்றும் கோழிக்கூட்டுக்குள்ளால்தான் வந்தன. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை எழுத்துத் தெரியும். அதற்குப் பிறகு கோழிப் பீ நாற்றம் மட்டும்.

முதல் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். இருட்டியதும் மேலே வந்து சாப்பிட்டு, குளித்து, விடியமுன் இறங்கிவிட வேண்டும். உள்ளே நிமிர்ந்து இருக்கலாம், நிற்க முடியாது. நான் அடங்கிக் கிடக்கிற பிறவி இல்லை. முதல் கிழமை பயத்தில் போயிற்று. பிறகு விசர் பிடிக்கத் தொடங்கியது. கோழிகளோடு கோபப்பட்டேன். சுவரில் தலையை இடித்தேன். ஒருநாள் சாப்பிட மேலே வந்தபோது, நானே போய் இயக்கத்தில் சேரப்போகிறேன், அங்கேயாவது நிமிர்ந்து நின்று சாகலாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார். அக்கா அழவில்லை. என் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். பிறகு ஒரு ஒற்றைத் தாளில் பதினொரு ஒன்றுகளை எழுதி என் முன்னால் வைத்தாள்.

"இதை உடை. உடைச்சிட்டு எங்க வேணுமெண்டாலும் போ, நான் மறிக்க மாட்டன். உடைக்கும் வரைக்கும் கிடங்கை விட்டுப் போகப்படாது. சத்தியம் பண்ணு."

உடைப்பது என்றால் அதை மீதியில்லாமல் வகுக்கிற ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பது. பன்னிரண்டு மூன்றாலும் நாலாலும் உடையும். பதின்மூன்று எதனாலும் உடையாது. பதினொரு ஒன்று உடையும் என்று அக்கா சொன்னாள். கணக்கில் என்னோடு எவரும் போட்டி போட முடியாது என்று நினைத்திருந்த வயது. ஒரு கிழமை வேலை என்று நினைத்துச் சத்தியம் பண்ணினேன்.

மூன்றால் வகுத்தேன், ஏழால் வகுத்தேன், பதின்மூன்றால் வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. நான்கு நாள் இப்படிக் குருட்டாம்போக்கில் போனபின் ஒன்று பிடிபட்டது. ஒன்றை ஏழால் வகுத்தால் தசமத்தில் ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். ஆறு என்பது ஏழுக்கு ஒன்று குறைவு. எந்த முதன்மை எண்ணால் வகுத்தாலும், திரும்பி வருகிற அந்த நீளம் அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணுக்குள் சரியாக அடங்கும். பதினொரு ஒன்றுகளை ஒரு எண் உடைக்குமானால், அதில் இந்த நீளம் பதினொன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் பதினொன்றால் பிரியும். எண் ஒற்றை என்பதால் இருபத்திரண்டாலேயே பிரியும். அதாவது இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் வீண் வேலை. கிடங்குக்குள் நான் தனியச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த எண்களிலும் சின்ன எண்களால் பிரிவதை வெட்டிவிட்டு, ஒரு நாளைக்கு இருபத்தைந்து கணக்கு செய்தேன். மூன்றாம் கிழமை, இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதால் வகுத்தபோது கடைசி வரியில் பூச்சியம் வந்தது. திரும்ப வகுத்தேன். திரும்பவும் பூச்சியம். ஈவு ஐந்து லட்சத்துப் பதின்மூவாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது. அடியில் இரண்டு கோடு இழுத்தேன். பட்டப்பகல் என்பதையும் மறந்து முதுகைப் பலகையில் கொடுத்துத் தள்ளினேன். இரண்டு மூட்டையும் நகர்ந்தன. அந்த இடைவெளியால் தலையை வெளியே நீட்டி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து முதலில் என் தலையை உள்ளே அமத்தினாள். பிறகுதான் தாளைப் பார்த்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முகம் வெளிறிப்போயிற்று. இருபத்திரண்டு விஷயத்தை நான் கண்டுபிடிப்பேன் என்று அவள் நினைக்கவில்லை. நாலைந்து மாதம் ஓடும் என்று போட்ட கணக்கு மூன்று கிழமையில் முடிந்திருந்தது.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் போவதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. தன் கொப்பியைப் புரட்டிவிட்டு இன்னொரு ஒற்றையில் பதினேழு ஒன்றுகளை எழுதினாள். அதே சத்தியம்தான் இதற்கும் என்றாள்.

இது உடையுமா என்று கேட்டேன். உடையும் என்றாள். எதால் உடையும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒரு எண் எதனால் உடையும் என்று தெரியாமலே, அது உடையும் என்பதை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்ல வழி இருக்கிறது என்று விளக்கினாள். அது உண்மை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினேழை விட்டுப் பத்தொன்பது ஒன்றைத் தா, இன்னும் பெரிதாக இருக்கும் என்று வீம்புக்குக் கேட்டேன்.

"அது உடையாது. முதன்மை எண். உடையாததைத் தந்து உன்னை ஏமாத்த மாட்டன்."

இப்போது முப்பத்துநான்கின் மடங்கோடு ஒன்று. எங்கே முடியும் என்று தெரியாது. மோசமாகப் போனால் பத்தரைக் கோடி வரை தேட வேண்டும். முன்போல மூன்று, ஐந்து, ஏழு போன்ற சின்ன எண்களால் பிரிவதை முதலே வெட்டிவிட்டு, மிஞ்சியதில் நாளுக்கு இருபது செய்தேன். வெளிச்சம் வந்ததும் தொடங்குவேன், கோழிக்கூடு இருண்டதும் நிறுத்துவேன். விசர் அடங்கியது. இதை நான் மறைக்கப் போவதில்லை: அந்த மாதங்களில் சில நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். மேலே ஒவ்வொரு வீடாக ஆள் குறைந்துகொண்டு போனது. பக்கத்து வீட்டில் ஒப்பாரி கேட்கும். நான் மீதியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

தாள்தான் பெரிய தட்டுப்பாடு. பாதை பூட்டியபின் கொப்பி என்பது கண்ணால் காண முடியாத பொருளாகிவிட்டது. அக்கா பழைய சோதனைத் தாள்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருவாள். ஒரு பக்கத்தில் பிள்ளைகளின் விடை இருக்கும், மற்றப் பக்கம் எனக்கு. செய்து முடித்ததைக் கிழமைக்கு ஒருக்கா அம்மாவிடம் கொடுப்பேன். அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை.

அம்மா எரிக்கவில்லை. அந்த நேரத்து வன்னியில் ஒரு முழுத்தாளை அடுப்பில் வைக்க எந்தக் கைக்கும் மனம் வராது. அம்மா கச்சான் கடலை வறுத்துச் சந்தியில் விற்றுக்கொண்டிருந்தார். கச்சான் போட்டுக் கொடுக்கிற சரைப் பொட்டலம் சுற்றத் தாள் வேண்டும். மற்றவர்கள் தேக்கிலையில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கள் அம்மாவின் கச்சான் மட்டும் வெள்ளைத் தாளில், கூம்பு கூம்பாக. கணக்குத்தானே, பேரா ஊரா எழுதியிருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். நான் எழுதிய அத்தனையும் ஊரின் கையில் கச்சானோடு போயிருக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் இது தெரியாது.

அது ஒரு சனிக்கிழமை. அம்மா சந்தியில் இருந்தார். அக்கா வீட்டில் இருந்தாள். படலை திறக்கிற சத்தமும் சைக்கிள் சாத்துகிற சத்தமும் கேட்டன. வந்தவரின் குரலை முதல் சொல்லிலேயே மட்டுப்பிடித்துவிட்டேன். என் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், கணக்கில் பெரிய கெட்டிக்காரர். இப்போது ஆள் எடுக்கிற வேலையில் இருந்தார்.

"இந்தச் சரை உங்கட அம்மான்ர தானே அக்கா?"

அக்கா ஓம் என்றாள்.

"இதில கணக்குச் செய்திருக்கிறது ஆர்?"

தாளை விரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அல்லது கேட்டதாக இப்போது நினைக்கிறேன். தான்தான் என்று அக்கா சொன்னாள். பின்னேரத்தில் பொழுது போக வேண்டுமே என்று சிரித்தும் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. பதினேழு ஒன்றை நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூற்று முப்பத்தேழால் பிரித்திருக்கிறது, இது எந்த வகுப்புக் கணக்கு என்று கேட்டார். எண்ணை மெதுவாக, இலக்கம் இலக்கமாக வாசித்தார். அதை நான் செய்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அக்கா கம்பஸ் கணக்கு என்றாள். அப்படியென்றால் இப்போதே ஒன்று செய்து காட்டுங்கோ என்றார்.

கதிரை இழுபட்டது. பிறகு பத்து நிமிடமோ கால் மணியோ போனது. கோழிகள் மட்டும் கிண்டிக்கொண்டிருந்தன. அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்தும் என் எழுத்தும் ஒன்றல்ல. என்னுடைய ஏழுக்கு நடுவில் கோடு இருக்கும், அவளுடையதற்கு இல்லை. சரையையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கெட்டிக்காரனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் அறை வாசல் வரை நடந்து வந்து நின்றார். மூட்டைகளைப் பார்த்திருப்பார். திரும்பிப் போனார்.

"வீட்டுக்கு ஒரு ஆள் தான் அக்கா. ரெண்டு பேர் கேட்க நான் வரேல்லை. ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ."

"நான் வாறன்."

அவள் யோசிக்கவே இல்லை. அம்மா வரும்வரை நிற்கட்டா என்று மட்டும் கேட்டாள். நேரமில்லை என்றார். உடுப்புப் பையை அவள் எடுத்த சத்தம், செருப்பு, படலை.

மேலே இருந்தது இரண்டு மூட்டை. முதுகைக் கொடுத்தால் நகரும். எனக்கு அது தெரியும், ஒருமுறை நகர்த்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் முதுகைக் கொடுக்கவில்லை. என் மடியில் ஒரு கணக்கு பாதியில் கிடந்தது. அதை முடித்தேன். மீதி வந்தது. அடுத்த எண்ணை எழுதி அதையும் வகுக்கத் தொடங்கினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

அம்மா பின்னேரம் வந்து மூட்டையைத் தள்ளினார். அக்கா எங்கே என்று கேட்டார். சொன்னேன். சரையைப் பற்றியும் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மா குசினிக்குப் போய், மிச்சமாயிருந்த என் தாள்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டார். ஒரு பிடி கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா கச்சான் வறுக்கவில்லை.

சில கிழமையில் சண்டை துணுக்காய்க்கு வந்துவிட்டது. கிளிநொச்சிக்கு ஓடினோம், பிறகு கிழக்கே, பிறகு கடற்கரைக்கு. இடத்துக்கு இடம் பதுங்குகுழி வெட்டினோம். பழக்கப்பட்ட வேலை. ஒவ்வொரு குழியிலும் அம்மா என்னைப் பார்ப்பார். அக்காவைத் தேடிப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் போகவில்லை. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று இரண்டு தடவை தகவல் வந்தது. ஒரு தடவை அரை நாள் நடைத் தூரம். எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது: அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன், அந்த எண் இன்னும் உடையவில்லை. தாளில்லாத இடத்தில் மணலில் தடியால் வகுத்தேன். ஆறு லட்சம் வரை போனேன். ஒரு கட்டத்தில் அதையும் விட்டுவிட்டேன், ஆனால் பதிலை மட்டும் விடவில்லை.

மூன்றாவது தகவல் வரவில்லை. அவளோடு நின்ற பிள்ளைகளில் எவரும் வரவில்லை.

எல்லாம் முடிந்து, எங்களை வவுனியாப் பக்கம் முகாமில் போட்டார்கள். ஒருநாள் பதிவுக்குக் குடும்ப அட்டை கேட்டார்கள். அம்மா இடுப்பை விட்டு இறக்காத சின்னப் பையைத் திறந்து, பிறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். அடியில் நாலாக மடித்த ஒரு ஒற்றை இருந்தது. ஒரு பக்கத்தில் ஏதோ பிள்ளை எழுதிய சோதனை விடை. மற்றப் பக்கம் அக்காவின் எழுத்து, கோடில்லாத ஏழு. அவள் போன அன்றைக்கு மேசையில் கிடந்தது என்றார் அம்மா. அவளுடைய எழுத்து என்பதால் எரிக்க மனம் வரவில்லையாம்.

பதினேழு ஒன்றுகள். வகுத்த எண் இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று. கடைசி வரியில் பூச்சியம். பூச்சியத்தின் கீழே இரண்டு கோடு.

முகாமில் கிடைத்த ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்துப் பெருக்கிப் பார்த்தேன். பதினேழு ஒன்றும் வந்தன. பிறகு அந்த எண்ணில் ஒன்றைக் கழித்து முப்பத்துநான்கால் வகுத்தேன்: அறுபதினாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. சின்ன எண்களால் பிரிவதை வெட்டினால் இருபத்து மூவாயிரம் சொச்சம். நாளுக்கு இருபது என்றால் மூன்று வருடத்துக்கும் கொஞ்சம் மேலே. அக்காவுக்கு விடை முதலே தெரியும். கொப்பியில் இருந்திருக்கிறது. மூன்று வருடத்துக்குள் சண்டை முடிந்துவிடும் என்று கணித்து, அதற்கு அளவான எண்ணைத் தேர்ந்து தந்திருக்கிறாள். அவள் கணக்குப் பிழைக்கவில்லை. சண்டை இரண்டு வருடத்துக்குள்ளேயே முடிந்தது, நான் உயிரோடு இருந்தேன்.

அந்த மனிதருக்கு முன்னால் அவள் எந்த எண்ணாலும் வகுத்துக் காட்டியிருக்கலாம். இதால் வகுத்தாள். எனக்குத்தான் எழுதினாள். உடைத்தாயிற்று, இனி வெளியே வா, இந்த வீட்டுக்கான ஆள் போய்விட்டது. சத்தியம் அந்தச் சனிக்கிழமை மத்தியானமே முடிந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றும் இல்லாததை.

அம்மாவுக்கு அந்தச் சத்தியத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன். அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கினார்.

"நான் பயத்தில தான் காட்டேல்லை. இதைப் பார்த்திருந்தா நீ அவளைத் தேடிப் போயிருப்பாய், என்ன?"

போயிருக்க மாட்டேன். அந்தத் தாளை அன்றைக்கே கண்டிருந்தாலும் நான் கிடங்கை விட்டுப் போயிருக்க மாட்டேன். வேறொரு எண்ணை எடுத்திருப்பேன். அக்கா தர மறுத்த பத்தொன்பது ஒன்றுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எதனாலும் உடையாது என்று தெரிந்தே வகுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"ஓம் அம்மா, போயிருப்பன்" என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு, தாளை நாலாக மடித்துத் திரும்பவும் பையின் அடியில் வைத்தார்.